மணலின் சூடு

சாந்தோம்
24.1.2025

புஷ்பத்துக்கு அக்கா அடைக்கலம் எழுதுவது.

பத்தொம்பது வருஷம் கழிச்சு எழுதறேன். நல்லா இருக்கியான்னு கேக்க எழுதல. மலை மேல, சுத்துச் சுவருக்குள்ள, கம்பிக்கு அந்தப் பக்கம் உக்காந்து முப்பத்தெட்டு வருஷமா ஜெபம் பண்றவளுக்கு என்ன குறை இருக்கப்போவுது.

நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ். எழுத்து கோணலா இருக்கும், பாத்துப் படிச்சுக்கோ. மத்த கடுதாசின்னா என் பேத்தி கயலை எழுதச் சொல்லியிருப்பேன். இது அவளைப் பத்தினது.

என் புள்ள லாரன்ஸோட பொண்ணு. அவ அம்மா தவறினப்போ அதுக்கு மூணு வயசு. லாரன்ஸ் கத்தார்ல வண்டி ஓட்டறான், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மூஞ்சியக் காட்டுவான். வளர்த்தது நான், மீன் கூடைய தலையில வச்சுக்கினே. எங்க பிளாக்குல முதல் டிகிரி அவளுதுதான். தரமணியில ஏசி ஆபீஸ். காலையில கம்பெனி பஸ் வந்து நிக்கும், கழுத்துல அட்டைய மாட்டிக்கினு ஏறுவா. மூணாவது மாடியிலருந்து நான் பாப்பேன். நாலு பேர் பாக்கணும்னே பால்கனியில துணி காயவைப்பேன், ஈரத் துணி இல்லைன்னாலும்.

போன ஞாயித்துக்கிழமை டீ குடிச்சுக்கினே சொல்றா: "ஆயா, நான் சின்னாயா மடத்துல சேரப்போறேன்."

"சேந்து?"

"அங்கியே இருந்துடுவேன்."

அவ கட்டிலுக்குக் கீழ ஒரு பிஸ்கெட் டின். நீ வருஷா வருஷம் கிறிஸ்துமஸ்க்கு எனக்கு எழுதின கடுதாசிங்க. பிரிக்காம நான் அலமாரிக்குப் பின்னால போட்டதையெல்லாம் பன்னெண்டு வயசுலருந்து எடுத்துப் படிச்சிருக்கா. அப்புறம் உனக்குப் பதிலும் போட்டிருக்கா. என் வீட்டு அட்ரஸ்லருந்து, எனக்குத் தெரியாம.

ஒரு கடுதாசியில பென்சில் கோடு போட்டு வச்சிருக்கா. "தாய் ஆமை மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. ஆழ்கடலில் இருந்தபடி நினைவாலேயே அடைகாக்கிறது. மடத்தில் இருப்பவளின் ஜெபமும் அப்படித்தான்." இதைப் படிச்சுட்டுத்தான் பெசன்ட் நகர் கடற்கரையில ஆமை முட்டைய காப்பாத்தற பசங்களோட சேந்துக்கினு திரியறா.

அவளுக்கு இடம் இல்லைன்னு எழுதிடு. உன்கிட்ட நான் கேட்டது எதுவும் கிடையாது. இது ஒண்ணு.

அடைக்கலம்



மலை மடம், ஏற்காடு
3.2.2025

அன்புள்ள அக்கா,

ஆண்டவருக்கு நன்றி. கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசல் காக்கும் சகோதரியிடம், "இது என் அக்கா, இது என் அக்கா" என்று இரண்டு தடவை சொன்னேனாம். இங்கே பேச வேண்டிய நேரம் அல்ல அது. அவர் உதட்டில் விரலை வைத்துவிட்டு அவரும் சிரித்துவிட்டார்.

நீ பிரிக்காத கடிதங்களைக் கயல் பிரித்திருக்கிறாள். உனக்குத் தெரியாமல் எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் உன்னிடம் சொல்லச் சொல்லியிருப்பேன். அது என் தவறு.

ஆனால் இடம் இல்லை என்று எப்படி எழுதுவது? பதினொரு பேர் இருந்த இடத்தில் ஏழு பேர் இருக்கிறோம். இடம் மட்டும்தான் நிறைய இருக்கிறது.

எங்களுக்கு ஆண்டவர் இரண்டு புத்தகம் கொடுத்திருக்கிறார் என்று நான் சேர்ந்த புதிதில் மதர் சொன்னார். ஒன்று வேதம், மற்றது படைப்பு. காலையில் மூடுபனி வந்து மதிலை மறைத்துவிடும். மதில் அங்கேதான் இருக்கிறது, அதுபோல அவரும் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். காப்பிச்செடி ஒரே மழையில் மொத்தமாகப் பூக்கும். அருள் வருவது அப்படி. ஜெபக்கூடத்தில் கூழைக்கடா தன் மார்பைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு இரத்தம் கொடுக்கும் படம் இருக்கிறது. அது சிலுவையில் இருந்தவர். அந்த வரிசையில்தான் ஆமையும். அது நான் கட்டிய கதை இல்லை அக்கா. அப்பா சொன்னது. நினைவிருக்கிறதா, நான் குழி பக்கத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றேனே.

இன்னொன்று. மார்ச் 5 திருநீற்றுப் புதன். அன்று முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. வருகிறவற்றை மதர் ஒரு கூடையில் போட்டு வைப்பார். ஏதாவது ஆபத்து என்றால் கவரின் மேல் "அவசரம்" என்று எழுது. அதை மட்டும் உடனே பிரிப்பார். 2006-இல் அம்மாவுக்கு முடியாமல் போனபோது நீ அதை எழுத மறந்துவிட்டாய். பதற்றத்தில் யாருக்கும் மறக்கும். அதற்காக நான் உன்னை ஒரு நாளும் குறை நினைத்ததில்லை.

உன் தங்கை
புஷ்பம்



சாந்தோம்
14.2.2025

புஷ்பம்,

பெரிய மனசு உனக்கு. குறை நினைக்கலையாம்.

உன்னோட ரெண்டாவது புத்தகத்தை நான் தினமும் படிக்கிறவ. அஞ்சாங்கிளாஸ் போதும் அதுக்கு. கேட்டுக்கோ. கூழைக்கடாவ அடையாறு முகத்துவாரத்துல எத்தினியோ பாத்திருக்கேன். அது மார்பையும் கிழிக்காது ஒண்ணையும் கிழிக்காது. அலகை மார்புல அமுக்கி, பையில இருக்கற மீனைக் கொட்டிக் குஞ்சுக்குக் குடுக்கும். மீன் புடிச்சிக்கினு வந்து போடற வேலை. ரத்தம் இல்ல.

ஆமை கதைக்கு வா. அப்பா சொன்னாருன்னு எழுதறியே, எப்போ சொன்னாருன்னு ஞாபகம் கீதா? அந்த முட்டையத் தோண்டி எடுத்துக்கினு போவத்தான் அவர் வந்தாரு. நீ குழிமேல உக்காந்து ஊளையிட்ட. உன்னை எழுப்பறதுக்குச் சொன்னாரு, "அதோட அம்மா கடல்லருந்து நெனச்சிக்கினே கீது, ஒண்ணும் ஆவாது, எழுந்திருடா கண்ணு"ன்னு. நீ நம்பி எழுந்து வீட்டுக்குப் போய்ட்ட. மறுநாள் காலையில உன் தட்டுல வச்சது அந்த முட்டைதான். நீ தின்ன. நான் வாயத் திறக்கல.

நெனப்பு எதையும் பொரிக்காது புஷ்பம். மணல் சூடு பொரிக்கும். இந்த ஜனவரியில மட்டும் கரையில எத்தினி ஆமை செத்து ஒதுங்கிச்சு தெரியுமா. வலையில மாட்டி மூச்சு முட்டி. அதுங்க எதை நெனச்சுதோ.

பக்கத்து வீட்டு சகினாகிட்ட புலம்பினேன். அவ ஆட்டுக்கால் கழுவிக்கினே சொல்றா, "பெரியம்மா, பொண்ணு லவ்வு கிவ்வுன்னு ஓடல, சாமிகிட்டத்தான போவுது. பெருமைப்படு."

"உன் பொண்ணு ருக்சார் போறேன்னா நீ பெருமைப்படுவியா?"

"அவ எங்க போவா, பாத்திரம் தேய்க்கச் சொன்னாலே மயக்கம் வந்துடும்"னு சிரிச்சா. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, "நீ அதுகிட்ட நேரா சொல்லேன், போவாதன்னு"ங்கறா.

நான் யாருகிட்டயும் கெஞ்சறவ இல்ல. புருஷன்கிட்ட கெஞ்சல, பெத்த புள்ளகிட்ட கெஞ்சல. அம்மாவ ஆறு வருஷம் படுக்கையில பாத்தப்போ உன்கிட்டயும் கெஞ்சல.

தவக்காலம் வரதுக்குள்ள இடம் இல்லைன்னு அவளுக்கு எழுதிப் போடு.

அடைக்கலம்



மலை மடம், ஏற்காடு
1.3.2025

அன்புள்ள அக்கா,

அந்த முட்டையைப் பற்றி இத்தனை வருடம் நீ சொல்லாமல் இருந்ததற்கு நன்றி. இப்போது சொன்னதற்கும் நன்றி என்று எழுத முயன்றேன், வரவில்லை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இடம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் கயலுக்கு உண்மையை எழுதியிருக்கிறேன். உனக்கும் அது தெரியட்டும்.

2006 மார்ச் 27, நீ அப்போது எழுதிய இரண்டாவது கடிதத்தில் குறிப்பிட்ட அந்தத் திங்கட்கிழமை, அம்மா இறந்த மாலை நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பிறகு நாட்குறிப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். குரங்குகள் சாப்பாட்டு அறைக்குள் புகுந்து கொய்யாப்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடின. அதில் ஒன்று மதரின் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டது. நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா போய்க்கொண்டிருந்தாள், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மனசில் ஒரு சின்ன இழுப்புகூட இல்லை.

நினைவால் அடைகாக்கிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஜெபத்தில் எதுவும் வருவதில்லை அக்கா. மணி அடிக்கிறது, போகிறேன், வாய் சொல்கிறது. மூடுபனி வெறும் மூடுபனி. ஆனாலும் பழக்கத்தில் ஆமை, கூழைக்கடா என்று எழுதிக்கொண்டே இருந்தேன். கயலுக்கும் எழுதினேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்டேன் அவளிடம்.

இதைப் படித்தபிறகும் வருவேன் என்று அவள் சொன்னால், அதை நான் தடுக்க முடியாது. நீதான் தடுக்க முடியும். அவளிடம் கேள்.

புதன்கிழமை முதல் மௌனம். உனக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஜெபிக்கிறேன்.

புஷ்பம்



சாந்தோம்
21.3.2025

புஷ்பம்,

நீ இதை இப்போ படிக்க மாட்ட. கவர் மேல ஒண்ணும் எழுதல. கூடையில கெடக்கட்டும். யாரும் படிக்கலன்னா எழுதறது சுலபமா இருக்குது.

திருநீற்றுப் புதன் அன்னிக்கு விடியக்காலம் கயல் ஒரு குழிய கண்டுபுடிச்சா. நூத்திப் பதினாலு முட்டை. எடுத்துக்கினு போய் வேலி போட்ட இடத்துல வேற குழி தோண்டி வச்சு, தேதி எழுதி குச்சி நட்டாங்க. நாப்பத்தஞ்சு நாள் ஆவுமாம் பொரிக்க. "ஞாயித்துக்கிழமையும் சேத்தா தவக்காலமும் அத்தினி நாள்தான் ஆயா"ன்னு விரல் விட்டுக் காட்டறா. நெத்தியில சாம்பல், முட்டிவரைக்கும் மணல்.

உன் கடுதாசி அவளுக்கு வந்தது. படிச்சுட்டு அழுதா. சரி, மனசு மாறிடுச்சுன்னு நெனச்சேன். சாயங்காலம் சொல்றா, "ஒண்ணுமே தெரியாம பத்தொம்பது வருஷம் ஒருத்தரால அங்க இருக்க முடியுதுன்னா, அங்க ஏதோ இருக்குது ஆயா." நீ கதவ மூடறேன்னு நெனச்சு நல்லா தொறந்து வச்சுட்ட.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவகூட அந்த வேலிகிட்டப் போனேன். சும்மாதான். அவ தண்ணி பாட்டிலு வாங்கப் போனப்போ குச்சி பக்கத்துல கைய மணலுக்குள்ள விட்டேன். மேல கொதிக்குது. முழங்கை வரைக்கும் போனா வேற மாதிரி. காச்சல்காரங்க வயித்துல கை வச்சாப்புல. கைய எடுக்க மனசு வரல. யாராவது பாத்தா கிழவிக்கு என்ன ஆச்சும்பாங்கன்னு எடுத்துட்டேன்.

அம்மாவுக்கு முதுகுல புண்ணு வந்தப்போ துணிய மடிச்சு, சட்டி மேல சூடு பண்ணி ஒத்தடம் வைப்பேன். அந்தச் சூடு அது.

இப்போ அவ ஆபீஸ் போனா வீடு ரொம்பப் பெருசாத் தெரியுது. ரெண்டு ரூம்தான். போய்ட்டா எப்படி இருக்கும்னு ஒத்திகை பாக்கறேன். ரேடியோ போடாம, சகினாவ கூப்பிடாம, ஒரு நாள் பூரா. மத்தியானத்துக்குள்ள தோத்துட்டேன்.

அடைக்கலம்



சாந்தோம்
7.4.2025

புஷ்பம்,

இந்தக் கவர் மேல அவசரம்னு எழுதிருக்கேன். பெருசா எழுதிருக்கேன். மதர் பயந்துட்டாங்கன்னா மன்னிச்சுக்கச் சொல்லு. யாரும் சாகல. செத்தது அப்பவே.

நான் மறக்கல.

2006-ல அந்தக் கடுதாசி எழுதி முடிச்சு, கோந்து தடவி ஒட்டிட்டு, அவசரம்னு எழுத பேனாவ எடுத்தேன். அம்மா கட்டில்லருந்து கூப்பிட்டாங்க. போனேன். "புஷ்பம் வந்துட்டாளா"ன்னாங்க. நான் வாயில கஞ்சி ஊத்தினேன், ஊத்தினவ யாருன்னு அவங்க பாக்கல. "ஆண்டவர் கூப்பிட்ட பொண்ணு, அவளுக்குத் தெரியும், அவ வருவா"ன்னாங்க. ஆறு வருஷம் பீ மூத்திரம் அள்ளினவ பக்கத்துல நிக்கறேன். திரும்பி வந்து பேனாவ மூடி வச்சுட்டேன். தெரியும்ல உனக்கு, வாயேன் பாப்போம்னு.

பங்குச் சாமியார் வந்து நோயில்பூசுதல் எண்ணெய் தடவினப்போ, "தங்கச்சி மடத்துக்குப் போன் பண்ணட்டுமா"ன்னு கேட்டாரு. கடுதாசி போட்டாச்சு சாமி, வந்துடுவான்னு சொன்னேன். உங்க மடத்து நம்பர் காலண்டர்ல எழுதி எனக்கு எதிர்லயே தொங்குது.

அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தாங்க.

அப்புறம் உயிர்ப்பு ஞாயிறு கழிச்சு உன் கடுதாசி வந்தது, அழுது அழுது எழுதியிருந்த. வராதவன்னு உன்மேல கோவப்படறது எனக்கு வசதியா இருந்தது. அதைப் பத்தொம்பது வருஷம் வச்சிருந்தேன். ஊரெல்லாம் சொன்னேன். லாரன்ஸ்கிட்ட சொன்னேன். சகினாவுக்கும் தெரியும் என் தங்கச்சி கல்நெஞ்சுக்காரின்னு.

நீ குரங்கப் பாத்துச் சிரிச்சதுக்காக உனக்கு ஜெபம் வரலன்னு எழுதியிருந்தியே, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரல. உனக்குத் தெரியாததுக்குக் காரணம் நான். கடல்ல இருக்கறவளுக்கு எப்படித் தெரியும், கரையில இருக்கறவ சொன்னாத்தான.

இடம் இல்லைன்னு எழுதச் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கறேன். உன்னைப் பொய் சொல்லச் சொல்ல எனக்கு எந்த யோக்யதையும் கெடையாது.

அடைக்கலம்



மலை மடம், ஏற்காடு
14.4.2025, பெரிய வாரம்

அக்கா,

மதர் குருத்தோலை ஞாயிறன்று பூசைக்குப் பிறகு உன் கவரைக் கொடுத்தார். ஒரு தாள் எழுத அனுமதி.

படித்ததும் தோட்டத்துக்குப் போனேன். கேரட் பாத்தியில் களை பிடுங்கினேன். அரை மணி கழித்துப் பார்த்தால் கேரட்டையும் பிடுங்கி வைத்திருக்கிறேன். அவ்வளவு கோபம் உன்மேல். இரவு ஜெபத்தில் உன்னைத் திட்டினேன், ஆண்டவர் காது கேட்க. நம் தெருவில் திட்டுகிற மாதிரியே திட்டினேன். அந்த வார்த்தைகள் எல்லாம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இன்று காலை எழுந்தபோது புரிந்தது. பத்தொன்பது வருடத்தில் ஜெபக்கூடத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது. வாய் மட்டும் பேசாமல் மனசும் பேசியது. அழுகை பின்னாலேயே வந்தது. அம்மாவுக்காக இப்போதுதான் அழுகிறேன் அக்கா. உன்னை மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கு எழுத முடியாது. எழுதினால் அது ஆமைக் கதை மாதிரி ஆகிவிடும். வரும். வரும்போது எழுதுகிறேன்.

ஒன்று மட்டும். மணல் சூடு பொரிக்கும் என்று நீ எழுதியதை யோசித்தேன். நாற்பது வருடமாக ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமையில் ஆண்டவர் எங்கே, ஆமையில் நான் எங்கே என்று. மணலைப் பார்க்கவே இல்லை. போகிறவளுக்குத்தான் கதை கட்டினேன். அங்கேயே கிடந்து, எல்லாரும் மிதித்துப் போக, சூட்டை விடாமல் வைத்திருப்பது யார் என்று கேட்கவில்லை. ஆண்டவர் அதில்தான் இருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆறு வருடம் அம்மாவைத் தாங்கிய உன் கையில்.

கயலை நான் கூப்பிடவில்லை. தடுக்கவும் இல்லை. ஆனால் மனசில் உள்ளதை உன்னிடம் சொல்லாமல் அவள் இங்கே வந்தால், அவளும் என்னைப்போல ஆகிவிடுவாள். நீயும் உன்னிடம் உள்ளதை அவளிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளாதே.

தாள் முடிந்தது.

புஷ்பம்



சாந்தோம்
29.6.2025

புஷ்பம்,

மணலுன்னு சொல்லிட்ட. பரவால்ல. மணல் எல்லார் தலைமுடியிலும் ஏறி ஒக்காந்து உசுர வாங்கும், அதையும் சேத்து எழுதிக்கோ.

கயல் போன வாரமே உங்ககிட்ட வந்து சேந்திருப்பா. நடந்ததை அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன்.

உயிர்ப்பு ஞாயிறு அன்னிக்கு விடியறப்போ குழி பொரிஞ்சுது. மணல் அப்படியே உள்ள இறங்குது, அதுலருந்து ஒவ்வொண்ணா தலைய நீட்டுது, கறுப்பா, உள்ளங்கை பாதி. தண்ணிக்குக் கொஞ்ச தூரத்துல விட்டாங்க. எல்லாம் கடலப் பாத்தே போவுது. ஒண்ணுகூட திரும்பல. அப்பத்தான் சொன்னேன்.

"கயலு, நீ போய்ட்டா எனக்குப் பயமா கீது."

அவ என்னைப் பாக்கல, குஞ்சுங்களையே பாத்துக்கினு, "தெரியும் ஆயா"ன்னா.

"தெரிஞ்சுமா போற?"

"நீ சொல்வியான்னு மூணு மாசமா காத்துக்கினு இருந்தேன்."

"இப்போ சொல்லிட்டேன். போவாத."

ரொம்ப நேரம் என் கைய புடிச்சுக்கினு நின்னா. அழுதா. கடைசியில, "போவணும் ஆயா"ன்னா. சரின்னேன். கேட்டுட்டேன், அவ இல்லைன்னுட்டா. அவ்வளவுதான் கெஞ்சறதுன்னா. இதுக்கா இத்தினி வருஷம் பயந்தேன்னு இருந்துச்சு.

வேலைய விட்டாலும் கம்பெனிக்கு அறுபது நாள் முன்னாடி சொல்லணுமாம். ஆண்டவர் கூப்பிட்டாலும் அறுபது நாள்தான். அந்த ரெண்டு மாசம் எனக்குக் கெடச்சுது. அந்தக் கம்பெனி நல்லா இருக்கணும்.

பால்கனியில இப்பவும் துணி காயவைக்கறேன். பஸ் வந்து நின்னு, யாரோ ஏறி, போய்டுது. சகினா சாயங்காலத்துல வந்து பேசாம உக்காந்துட்டுப் போறா. அவகிட்ட நீ கல்நெஞ்சுக்காரி இல்லைன்னு சொல்லிட்டேன். முழுசும் சொன்னேன். "அப்போ கல்லு நீதான் பெரியம்மா"ன்னா. ஆமான்னேன்.

உங்க மதர்கிட்ட ஒண்ணு சொல்லி வை. இந்தக் கவர் மேலயும் அவசரம்னு எழுதிருக்கேன். உள்ள ஒண்ணும் இல்ல. இன்னிக்குக் கொஞ்சம் மழை தூறிச்சு, நான் தனியா இருக்கேன், அதான் சேதி. இனிமே நான் எழுதற எல்லாக் கவர் மேலயும் அப்படித்தான் இருக்கும். கூடையில போடாம பிரிக்கச் சொல்லு.

அக்கா
அடைக்கலம்